ஏரிக்கரையும் கிளப்பு வேலியும்

ஏரியைக் காப்பதும் பூங்காவைக் காப்பதும் வயிறு நிரம்பியவர் கவலையென்றும், வயிற்றுப்பாட்டுக்கு அலையும் தமிழனுக்கு அதில் ஆகவேண்டியது ஒன்றுமில்லையென்றும் நம்மவரிற் சிலர், அதிலும் படித்தவர் சிலர், பேசி வருகின்றனர். இப்பேச்சு தவறானது என்பதோடு, யாருக்கு அநுகூலமோ அவர்களே சொல்லிக் கொடுத்ததுபோலவும் இருக்கிறது. பொது நிலத்தின்மேல் கண் வைத்திருப்பவனுக்கு, ‘அந்த நிலம் எனக்கு வேண்டியதில்லை’ என்று தானாகவே வந்து சொல்லும் ஏழையைக் காட்டிலும் நல்ல வக்கீல் எங்கே கிடைப்பான்? ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

சிங்கப்பூர்த் தீவின் நடுப்பாகத்தில், தாம்சன் சாலைக்கு மேற்கே, காடு சூழ்ந்த நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவற்றுள் மூத்தது இன்று மெக்ரிட்சி என்று வழங்குவது. நகருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவேண்டுமென்று 1857-ல் தான் கிம் செங் என்ற சீனச் செல்வர் 13,000 வெள்ளி நன்கொடையாகக் கொடுத்தார். கொடுத்தவர் 1864-ல் காலமானார். ஏரியோ 1860-களின் இறுதியிலேதான் உருவாயிற்று. ஏரியைக் காணாமல் போனவருக்கு 1882-ல் ஒரு நீரூற்றைக் கட்டி வைத்து நன்றி செலுத்தினார்கள். (நன்கொடையாளர்க்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.) 1890-களில் ஜேம்ஸ் மெக்ரிட்சி என்ற நகராட்சி எஞ்சினியர் காலத்தில் ஏரி விரிவாக்கப்பட்டு, 1922-ல் அவர் பெயரைப் பெற்றது. இரண்டாவது, 1910-ல் முடிந்த கல்லாங் ஆற்று நீர்த்தேக்கம். அதுவும் 1922-ல் ராபர்ட் பியர்ஸ் என்ற எஞ்சினியரின் பெயரைப் பெற்றது. அதற்கு மேலே மற்றொரு நீர்த்தேக்கம் 1977-ல் திறக்கப்பட்டபின் லோவர் பியர்ஸ் எனப்படலாயிற்று. தீவின் நீளமான ஆறாகிய கல்லாங் அங்கே தொடங்கிச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடி ஊருக்குள் வருகிறது. எஞ்சினியர் பெயர் ஏரிக்கு நின்றது. மண் வெட்டியவன் பெயரும், குழாய் பதித்தவன் பெயரும், சாலைக்குக் கல் உடைத்தவன் பெயரும் நிற்கவில்லை. நகராட்சியின் கூலிக்கணக்கில் தமிழர் பெயர் நிறைந்திருந்த காலம் அது என்பதை மட்டும், ‘நமக்கென்ன’ என்று கேட்கும் நண்பர்க்கு நினைவூட்டுகிறோம்.

இந்த லோவர் பியர்ஸ் கரையிலுள்ள காட்டை வெட்டிக் கோல்ப் மைதானம் அமைக்கவேண்டும் என்ற திட்டம் 1990-களின் தொடக்கத்தில் எழுந்தது. குடிதண்ணீர்க்கென்று காக்கப்பட்டு வந்த நிலம் அது. இயற்கைப் புகலிடம் என்று சட்டத்தில் சேர்ந்த காடும் அதுவே. அக்காட்டையா பந்தடிக்கக் கேட்டார்கள் என்று இன்று ஆச்சரியப்படுகிறோம். அன்று கேட்டவர்களுக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்நாளில் கோல்ப் மைதானம் என்பது முன்னேற்றத்தின் அடையாளம். முதலாளிமார் வருவார்கள், வெளிநாட்டார் தங்குவார்கள், நாடு செழிக்கும் என்ற பாட்டு தென்கிழக்காசியா முழுவதிலும் பாடப்பட்டு, எத்தனையோ நாடுகளில் காடும் வயலும் புல்தரையாயின.

சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் அப்போது செய்த காரியம் பாராட்டத்தக்கது. அவர்கள் ஊர்வலம் போகவில்லை, கொடி பிடிக்கவில்லை. அங்கே என்ன மரம் நிற்கிறது, என்ன பறவை கூடு கட்டுகிறது, மழைநீர் எவ்வழியாக ஏரிக்கு இறங்குகிறது என்பதையெல்லாம் துறை அறிந்தவரைக் கொண்டு எண்ணி, எழுதி, 1992-ல் ஓர் அறிக்கையாகவே அச்சிட்டு முன்வைத்தார்கள். கூடவே பொதுமக்கள் விண்ணப்பம் ஒன்றும் சுற்றிவந்தது. ஏறத்தாழ 17,000 பேர் கையெழுத்திட்டார்கள். கூட்டம் கூடுவதற்கே யோசிக்கும் ஊரில் பதினேழாயிரம் பேர் தம் பெயரை எழுதிக் கொடுத்தார்கள் என்பது அற்ப விஷயமன்று. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. இன்று அக்கரையில் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. கிழவரும் குழந்தையும் காசு கொடாமல் நடக்கிறார்கள்.

சிலர் சொல்லுவர்: ‘கோல்ப் மைதானமும் பச்சைதானே? காடும் பச்சை, புல்லும் பச்சை.’ இதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை தோட்டக்காட்டு மக்களைப் போல வேறு யாருக்கும் இல்லை. நாமோ உர மூட்டைக்கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள். எந்த நம்பர் காட்டுக்கு எத்தனை மூட்டை யூரியா, எத்தனை மூட்டை பொட்டாஷ், புல்லுக்கு அடிக்க எத்தனை டிரம் மருந்து என்பதெல்லாம் நம் பேனாவின் வழியாகவே போகின்றன. காலையில் உரம் போட்டு மாலையில் பெருமழை கொட்டினால், மறுநாள் பெரட்டுக்களத்தில் மானேஜர் முகம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். உரம் மரத்தின் வேருக்குப் போகவில்லை, கால்வாய்க்குப் போயிற்று. கால்வாய் எங்கே போகிறது என்று அதன் ஓரம் குடியிருக்கும் லயத்து மக்களைக் கேட்டால் சொல்லுவார்கள். செம்பனைக்கே இப்படியென்றால், நகத்தளவுக்கு ஒட்ட வெட்டி, ஒரு களையும் முளைக்கவிடாமல், பூஞ்சையும் புழுவும் அணுகவிடாமல் ஆண்டு முழுவதும் பராமரிக்கவேண்டிய கோல்ப் புல்லுக்கு எவ்வளவு ஊட்டமும் எவ்வளவு நஞ்சும் வேண்டும்? அது சரிந்து இறங்கும் இடம் ஊரார் குடிக்கும் ஏரியாக இருந்தால்? உரம் கலந்த தண்ணீரில் பாசி படரும். பாசி அழுகினால் தண்ணீரின் உயிர்ப்புப் போகும். பின் அதைச் சுத்திகரிக்கும் செலவைத் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவன் தருவான், பந்தடித்தவன் மட்டும் தரமாட்டான். கண்காணிப்புக்குச் சட்டங்கள் உண்டு என்பார்கள். இருக்கட்டும். வெட்டாத காட்டுக்குக் கண்காணிப்பே வேண்டியதில்லை.

காட்டின் பச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் வெள்ளைப் பட்டை ஓடும் ஒருவகைக் கருங்குரங்கு இத்தீவுக்கு உரியது. புக்கிட் தீமா காட்டில் அவ்வினத்தின் கடைசிக் குரங்கு 1987-ல் மாண்டது. இப்போது சிங்கப்பூரில் அது மிஞ்சியிருப்பது இந்நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டில் மட்டுமே. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவும் அப்பிராணிக்குப் புல்தரையின் பச்சை எதற்கு உதவும்?

இனி, இந்தக் கோல்ப் எப்படி அந்த ஏரிப்பக்கம் போய்ச் சேர்ந்தது என்ற வரலாறு நம்மவர்க்கு வேடிக்கையாக இருக்கும். அது போனது நம்முடைய தேக்காவிலிருந்துதான்! ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறோமே, அந்தப் பெயர் சும்மா வந்ததன்று. 1842-ல் வெள்ளைக்காரர் குதிரைப்பந்தயத்துக்கென்று ஒரு கழகம் அமைத்து, 1843-ல் அங்கே முதற்பந்தயம் நடத்தினார்கள். அதே மைதானத்தில் 1891-ல் சிங்கப்பூர்க் கோல்ப் கிளப்பு தோன்றியது. அப்போது அது ஐரோப்பியர்க்கே உரியது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டப் போன ஆசியாக்காரனுக்கு அந்தப் பந்து இன்னதென்று தெரிந்திருக்கும், மட்டையைத் தொட்டிருக்கமாட்டான். 1924-ல் கோல்ப் கிளப்பு மெக்ரிட்சி ஏரிப்பக்கம் குடிபோயிற்று. 1938-ல் ‘ராயல்’ பட்டமும் பெற்றது. 1933-ல் குதிரைப்பந்தயமும் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது.

அவர்கள் விட்டுப்போன நிலந்தான் பெரர் பார்க். அதில் நடந்தவற்றை நம்மவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை; ஆயினும் சொல்லுகிறோம். 1942 பிப்ரவரி 17-ல், சரணடைந்த பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் 40,000-க்கும் மேற்பட்டோர் அங்கேதான் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்; இந்திய தேசிய இராணுவத்துக்கு அழைப்பு விடப்பட்டதும் அங்கேதான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பெருங்கூட்டத்தில் பேசியதும் அம்மைதானமே. யுத்தத்துக்குப் பின் தேர்தற் கூட்டங்களும், தொழிலாளர் கூட்டங்களும், காற்பந்தும் ஹாக்கியும், தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்தவன் உட்கார்ந்து இளைப்பாறியதும் எல்லாம் அங்கே. குதிரைக்கும் பந்துக்கும் உரியதாக அந்நிலம் இன்னும் நூறாண்டு நீடித்திருந்தால், தேக்காவின் தமிழன் இவற்றில் எதை எங்கே செய்திருப்பான்?

கோல்ப் கிளப்பில் ஐரோப்பியரல்லாதார்க்கு இடமில்லாதிருந்தபோது, எல்லா இனத்தாரும் சேரும் ‘ஐலண்டு கிளப்பு’ 1932-ல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அது துணிவான காரியமே. 1963-ல் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தன. இனபேதம் ஒழிந்தது. ஆனால் வேலி ஒழிந்ததா? வெள்ளைத்தோல் கேட்ட வாயிற்காவலன் இப்போது அங்கத்தினர் சீட்டைக் கேட்கிறான். அச்சீட்டின் விலை லட்சக்கணக்கான வெள்ளி. மெக்ரிட்சிக் காட்டில் நடந்துபோகும் பொதுப்பாதையில் ஓரிடத்துக்கே ‘கோல்ப் லிங்க்’ என்று பெயர். அவ்விடத்தில் நடப்பவன் ஒருபக்கம் காட்டையும் மறுபக்கம் வெட்டிய புல்லையும் பார்த்துக்கொண்டு போகலாம். காட்டின் உச்சியில் தொங்கும் 250 மீட்டர்ப் பாலத்துக்குப் போகும் வழியில் வரும் சாலைக்கும் ஐலண்டு கிளப்பு ரோடு என்றே பெயர். பெயரைப்பற்றி நமக்கு வழக்கில்லை. ஏரிக்கரையில் எவ்வளவு தூரம் பொதுஜனங்களுக்குப் பாதையுண்டு, எவ்வளவு தூரம் இல்லை என்பதே வழக்கு.

சுயமரியாதை பேசும் தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1924-ல் வைக்கத்தில் போராட்டம் எதற்காக நடந்தது? கோயிலுக்குள் போகவா? இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள பொதுத்தெருவில் நடப்பதற்காக. 1927 மார்ச்சில் டாக்டர் அம்பேத்கார் மகாட் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துக்கொண்டு போய் என்ன செய்தார்? ஒரு பொதுக்குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்தார். அக்குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட நகராட்சி முன்னமே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் வேறாருடைய காவலில் இருந்தது. தெருவும் குளமும் எவனுக்கு மறுக்கப்பட்டனவோ அவனுடைய வழியில் வந்தவர்கள் நாம். சாதியின் பெயரால் எழுந்த வேலியைத் தகர்க்கச் சொல்லும் வாய், சந்தாவின் பெயரால் எழும் வேலியைக் கண்டு ‘அது அவர்கள் வசதி’ என்று மூடிக்கொள்வது என்ன நியாயம்? இரண்டும் ஒன்றேயென்று நாம் சொல்லவில்லை. பணம் சேர்த்து வேலியைத் தாண்டலாம், பிறப்பை மாற்றித் தாண்ட முடியாது என்ற வேற்றுமை பெரியதுதான். ஆனால் நடக்கப் பாதையில்லாதவனுக்கு இரண்டிலும் கால் நிற்கும் இடம் ஒன்றே.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்கு வந்து பாருங்கள். தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து கட்டடத்திலும் கப்பற்பட்டறையிலும் உழைக்கும் பிள்ளைகள், ஓர் அறையில் பலர் படுக்கும் விடுதிகளிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வெளியே வந்து, புல்லிருக்கும் இடத்தில் உட்காருகிறார்கள். ஊருக்குப் பேசுகிறார்கள், பணம் அனுப்பிய சீட்டைச் சரிபார்க்கிறார்கள், ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்குகிறான். 2013 டிசம்பர் 8-ல் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலகத்துக்குப் பிறகு அவர்கள் கூடுமிடத்தைப்பற்றி ஊரில் எவ்வளவோ பேச்சு நடந்தது. அவர்கள் வேறு எங்கே உட்காருவது என்று கேட்டவர் சிலரே. வாடகையில்லாத கூடம் ஏழைக்கு ஒன்றுதான், அது பொதுப்பூங்கா. வீட்டில் தோட்டமும் கிளப்பில் குளமும் வைத்திருப்பவனுக்குப் பூங்கா ஓர் அலங்காரம். அறையில் கட்டில் மட்டும் உள்ளவனுக்கு அதுவே முற்றம். ‘பூங்கா வயிறு நிரம்பியவன் கவலை’ என்பது எவ்வளவு தலைகீழான பேச்சு!

மற்றோர் ஆட்சேபணை உண்டு, இது கனமானது, தள்ளிவிட முடியாதது. ‘மக்களுக்கு வீடு வேண்டாமா? காட்டையும் மைதானத்தையும் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தால் ஏழை எங்கே குடியிருப்பான்?’ என்பது. இதற்கு விடை தோட்டத்து மக்களின் கதையிலேயே இருக்கிறது.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. பொதுப்பூங்காவுக்கு வேண்டுமென்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பால் வெட்டிய குடும்பங்கள் 1982-ஐ ஒட்டிப் பலகை நீள்வீடுகளில் வைக்கப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்டது. பூங்காவுக்கென்று எடுத்த நிலம் என்னாயிற்று? ஒரு பகுதியில் கோல்ப் கிளப்பு வந்தது. ஒரு பகுதியில் குதிரையேற்றக் கிளப்பு வந்தது. மிச்சத்தில் ரிம்பா கியாரா என்ற பூங்கா நின்றது. பின்பு அதையும் வெட்டி, எட்டு அடுக்குமாடிக் கோபுரங்களில் 1,700-க்கும் மேற்பட்ட விலையுயர்ந்த வீடுகள் கட்டத் திட்டம் வந்தபோது, கூடவே நீள்வீட்டு மக்களுக்கும் ஒரு கட்டடம் தருவதாகச் சொன்னார்கள். ‘உனக்கு வீடு வேண்டுமானால் பூங்காவைக் கொடு’ என்பதே இதன் பொருள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தார் வழக்காடினார்கள். 2018-ல் உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். பூங்கா தப்பியது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்நாளிலும் நம் தோட்டத்து மக்கள், நாற்பதாண்டு கழிந்தும், அதே நீள்வீட்டில்தான் இருந்தார்கள் என்பதை அம்மகிழ்ச்சியில் மறக்க முடியவில்லை.

கேட்கிறோம்: அவர்கள் வீட்டுக்கு இடமில்லாமற் போனது பூங்காவினாலா? பதினெட்டுக் குழிக் கோல்புக்கு இடமிருந்தது. குதிரை ஓடுவதற்கு இடமிருந்தது. மரம் நட்டு, பால் வெட்டி, அந்நிலத்துக்கு விலை உண்டாக்கியவர்களுக்கு மட்டும் இடமில்லை! ஏழையின் வீட்டையும் ஏழையின் பூங்காவையும் மோதவிட்டுவிட்டு, கிளப்பு அமைதியாக வேலிக்கு அப்பால் இருந்துகொள்கிறது. எந்தத் தோட்டத்திலும் துரைமார் கிளப்பு மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்ததே. கிராணிக்குக்கூட அந்தக் கிளப்பின் பின்வாசல் வரைதானே போக்குவரத்து? அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள் இந்தத் தந்திரத்தை நொடியில் கண்டுகொள்ள வேண்டாமா?

சிங்கப்பூரிலும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2014-ல் கோல்ப் மைதானங்கள் பிடித்திருந்த நிலம் சுமார் 1,500 ஹெக்டர். தீவின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ 2 சதவீதம். வீட்டுக்கு இடமில்லை, காட்டை வெட்டத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு முன் முதலில் எங்கே பார்க்கவேண்டும் என்பதற்கு அந்த எண்ணே போதும். அரசாங்கமும் அந்த எண்ணைக் கண்டுகொள்ளத் தொடங்கியது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். கெப்பல் கிளப்பின் பழைய மைதானம் வீடுகளுக்கென்று திரும்பப் பெறப்பட்டது. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ல் கடைசிக் குதிரைப்பந்தயம் ஓடி, தேக்காவில் 1843-ல் தொடங்கிய அத்தொழில் முடிவுக்கு வந்தது, அந்நிலமும் வீடுகளுக்கே. நல்லது. ஆனால் கெப்பல் கிளப்பு எங்கே போயிற்று? 2022-ல் மெக்ரிட்சிக்கு அருகிலுள்ள சைம் ரோடு மைதானத்துக்குப் போயிற்று. கிளப்பு கடலோரத்திலிருந்து எழுந்தால் ஏரியோரத்தில் உட்காருகிறது! அதே 2022-ல் பெரர் பார்க் மைதானத்துப் பக்கம் வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பொது வீடுகளை நாம் எதிர்க்கமாட்டோம். எந்தத் தமிழனும் எதிர்க்கமாட்டான். வேலியில்லாத மைதானம் முதலில் போகவேண்டும், வேலியுள்ள மைதானம் குத்தகை முடியும்வரை காத்திருக்கலாம் என்ற வரிசைக்கிரமத்தைத்தான் எதிர்க்கிறோம்.

விண்ணப்பம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. 1994-ல் சினோக்கோவில் பறவைகள் தங்கும் சதுப்பு நிலத்துக்காகப் பல்லாயிரம் பேர், லோவர் பியர்சுக்குக் கையெழுத்திட்டவரைக் காட்டிலும் மிகுதியானோர், கையெழுத்திட்டும் அது போயிற்று. 2001 டிசம்பரில் செக் ஜாவா கடற்கரை தப்பியது. ஒரு தடவை தோல்வி, ஒரு தடவை வெற்றி. எண்ணிக்கையால் மட்டும் வருவதன்று. ஆனால் இவ்விண்ணப்பங்களைப் பற்றிய பேச்சை நம் கடைகளிலும் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பெயர் போடாதவன் பங்கும் கேட்க முடியாது என்று யாராவது ஒருநாள் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஏரிகளைச் சுற்றியுள்ள கிளப்புக் குத்தகைகள் எப்போது முடிகின்றனவோ அப்போது, நீர்க்கரையிலிருந்து உள்ளே ஒரு போதிய அகலத்துக்கு நிலம் காட்டுக்கும் நடப்பவர்க்கும் திரும்பவேண்டும். அக்கரையில் வேறொரு கிளப்பை அமர்த்துதல் கூடாது. குத்தகை முடியும் ஆண்டும் அதன் நிபந்தனையும் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடப்படவேண்டும். நகர நிலப்பயன்பாட்டின் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சீர்பார்க்கப்பட்டு, வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. 2025-லும் அவ்வாறு வைக்கப்பட்டது. அடுத்த வரைவு வரும்போது தேக்காவிலுள்ள சங்கங்களில் ஏதேனும் ஒன்று தன் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் திறந்துவிட்டு, வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எந்தக் கோடு யாருடைய வேலி என்பதை நம் மக்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லவேண்டும். ஆங்கிலப்பள்ளியில் படித்துக் கணக்கெழுதும் நம்மைப் போன்றோர்க்கு அதைப் படித்துக் காட்டுவது பெரிய சிரமமன்று. மனு எழுதித் தரவும் வருகிறோம்.